நீச்சல் குளத் தொகுப்பு: பள்ளத்தில் மணல் கொட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளத் தொகுப்பை வாங்கி நாமே பொருத்திக்கொள்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பெட்டியைப் பிரி, சுவர்த் தகட்டைச் சுற்று, லைனரை (உள்ளே நீரைத் தாங்கும் பிளாஸ்டிக் உறை) விரி, தண்ணீரைத் திற என்று நான்கே படிகளில் வேலை முடிந்துவிடுகிறது. தரை சரிவாக இருந்தால் பள்ளமான பக்கத்தில் மணல் கொட்டி மட்டம் செய்துகொள்ளலாம் என்றும் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதம். குளம் பொருத்தும் வேலை தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 15 அடி விட்டமும் 48 அங்குல உயரமும் கொண்ட வட்டமான தகட்டுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். விட்டம் 4.57 மீட்டர், தரைப்பரப்பு ஏறத்தாழ 16.4 சதுர மீட்டர். 1.1 மீட்டர் ஆழத்துக்கு நிரப்பினால் 18,000 லிட்டர், அதாவது 18 டன். அடியில் உள்ள ஒவ்வொரு சதுர மீட்டர் மண்ணும் 1,100 கிலோவைத் தாங்க வேண்டும். நேற்று கொட்டிய மணல் இந்தச் சுமையில் அமுங்கும். பல காலமாக இறுகிக் கிடக்கும் எதிர்ப்பக்க மண் அமுங்காது. காலிக் குளமாக இருந்தபோது ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நின்றிருக்கும். நீர் நிரம்பிய மறுநாள் குளம் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். 5 செ.மீ. சாய்ந்தாலே தாழ்ந்த பக்கத்துச் சுவரில் நீரின் தள்ளுவிசை உயர்ந்த பக்கத்தைவிட 9 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் அந்த விசை ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. சுவர் வெளியே சாயத் தொடங்கினால் விசை சாய்வைக் கூட்டும், சாய்வு விசையைக் கூட்டும். போதாக்குறைக்கு மழைநீர் அந்த மணல் மேட்டின் ஓரத்தை அரித்துக்கொண்டு போகும்.

ஆகவே விதி ஒன்றுதான்: மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். இடத்திலேயே மிகத் தாழ்ந்த புள்ளி எதுவோ அதுதான் குளத்தின் மட்டம். மற்ற எல்லா இடமும் அதற்கு இறங்கி வர வேண்டும்.

மண்ணை வெட்டுவது மலைப்பான வேலையாகத் தெரியலாம். கணக்குப் பார்த்தால் அவ்வளவு இல்லை. குளத்தைச் சுற்றி 30 செ.மீ. கூடுதலாக எடுத்துக்கொண்டால் வெட்ட வேண்டிய பரப்பு 21 சதுர மீட்டர். ஓரத்துக்கு ஓரம் 15 செ.மீ. சரிவு இருந்தால் சராசரி ஆழம் 7.5 செ.மீ.; வெளியேற்ற வேண்டிய மண் 1.6 கன மீட்டர். இரண்டு ஆட்கள் மண்வெட்டியோடு ஒரு நாளில் முடிக்கக்கூடியது. சரிவு 30 செ.மீ. தாண்டினால் வேறு இடம் பார்ப்பது நல்லது. வெட்டிய பக்கத்தில் நிற்கும் மண் கரை மழைக்குச் சரிந்து தகட்டின் மேல் சாயும். அதைத் தாங்கத் தனியாக ஒரு தடுப்புச் சுவர் கட்ட வேண்டிவரும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அடியிலும் மேலும் பாருங்கள். அடியில் கழிவுநீர்த் தொட்டியோ உறிஞ்சுகுழியோ மின்கேபிளோ குடிநீர்க் குழாயோ இருக்கக் கூடாது. மேலே மின்கம்பி போகக் கூடாது. மரத்தடி வேண்டாம்: இலை விழுவது சின்னத் தொல்லை, வேர் பெரிய தொல்லை. மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்களும் மேலே சொன்ன எடைக் கணக்கையே பார்க்கட்டும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையான பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன. அதை 20 செ.மீ. தண்ணீரே தொட்டுவிடும். கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு எழுத்தில் தராமல் மாடியில் குளம் வைப்பது உயிரோடு விளையாடும் காரியம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது வியப்பாக இருந்தது.

இனி மட்டம் பார்க்கும் முறை. குளத்தின் நடுப்புள்ளியில் ஒரு முளை அடித்து, அதில் கயிறு கட்டி, குளத்தின் ஆரத்தோடு 30 செ.மீ. சேர்த்து வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் புல்லை வேரோடு செதுக்கி எடுத்துவிட வேண்டும். புல்லின் மேலேயே குளத்தை வைத்தால் அது அழுகி, அங்கங்கே மெத்தைபோல் அமுங்கும். பிறகு வளையாத நேரான பலகை ஒன்றின் ஒரு முனையை நடு முளையில் ஆணியால் கோத்து, பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்து, கடிகார முள்போல் சுற்றிக்கொண்டே வாருங்கள். பலகை முட்டும் இடம் மேடு, வெட்டுங்கள். ஓரங்களை நீர் நிரப்பிய டியூப் மட்டத்தால் இன்னொரு தரம் சரிபாருங்கள். டியூபில் காற்றுக் குமிழ் இருந்தால் அது காட்டுவது பொய் மட்டம். ஓரத்துக்கு ஓரம் 25 மி.மீ. வரை வித்தியாசம் இருக்கலாம் என்று சில கையேடுகள் விட்டுக்கொடுக்கின்றன. அதை இலக்காக வைக்காதீர்கள். 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டு வேலை செய்தால்தான் கடைசியில் 25-க்குள் நிற்கும். தப்பித்தவறி ஆழமாக வெட்டிய சிறு குழிகளை மட்டும் மண் போட்டு நிரப்பலாம். அதையும் 5 செ.மீ. அடுக்காக, லேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் இறுக்க வேண்டும்.

செதுக்கிய மண்ணில் கோரைக் கிழங்கு தென்பட்டால் அலட்சியம் வேண்டாம். கோரையின் முளை ஊசிபோல் கூர்மையானது. அரை மி.மீ. தடிமனுள்ள லைனரை அடியிலிருந்து துளைத்துக்கொண்டு குளத்துக்குள்ளேயே எட்டிப் பார்க்கும். மேலே உள்ள தாளை அறுத்தால் போதாது, அடியில் உள்ள கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் சந்தேகம் இருந்தால் மண்ணுக்கும் லைனருக்கும் இடையே 25 மி.மீ. அடர்நுரைப் பலகையைப் பரப்பி, இணைப்புகளை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். களைக்கொல்லி தெளித்தால் அதன் குறிப்புத்தாளில் சொன்ன நாட்கள் காத்திருந்தே லைனரை விரிக்க வேண்டும். எண்ணெய் கலந்த மருந்து லைனரைக் கெடுக்கும்.

சுவரைத் தாங்கும் தூண்கள் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிமெண்ட் பலகைக்கல்லைப் புதைக்க வேண்டும். கல்லின் மேற்பரப்பு தரையோடு தரையாக இருக்கட்டும், எல்லாக் கற்களும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கல்லை மண்ணின் மேல் சும்மா வைத்துவிட்டால் அடித்தடத்துக்கும் (தகட்டின் கீழ்விளிம்பு உட்காரும் தடம்) தரைக்கும் நடுவே சந்து விழும். அந்தச் சந்து வழியாக மணலும், அதன் பின்னாலேயே லைனரும் வெளியே பிதுங்கும். இந்தக் கற்கள் பல தொகுப்புகளில் பெட்டிக்குள் இருப்பதில்லை. மணலும் இருக்காது. இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அடுத்து அடித்தடம். துண்டுகளை இணைத்து வட்டமாக்கியதும் விட்டத்தை நான்கு திசையிலும் அளந்து பாருங்கள்; நான்கும் ஒன்றாக வர வேண்டும். தகட்டைச் சுற்றிக்கொண்டே வந்து கடைசியில் இரு முனைகளும் சேராமல் 3 செ.மீ. இடைவெளி விழுந்தால் தகடு குட்டை என்று நினைக்க வேண்டாம். விட்டம் 1 செ.மீ. பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். அடித்தடத்தின் எல்லா இணைப்புகளையும் சிறிது சிறிதாக உள்ளே தள்ளிச் சரிசெய்யலாம். ஒரே இணைப்பில் முழுவதையும் தள்ளினால் வட்டம் முட்டையாகிவிடும்.

தகட்டைக் காற்று வீசும் நாளில் அவிழ்க்கவே கூடாது. சுருளிலிருந்து பாதி விரிந்த தகடு பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும். மடங்கிய தகட்டை மறுபடி நேராக்க முடியாது. மடிப்புக் கோட்டில் பூச்சு உதிர்ந்து துரு ஏறும். மூன்று பேராவது வேண்டும், கையுறை கட்டாயம், விளிம்பு கத்திபோல் வெட்டும். அவிழ்ப்பதற்கு முன்பே ஸ்கிம்மர் (மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் பெட்டி) துளை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காற்று எந்தத் திசையை நோக்கி அதிகம் அடிக்கிறதோ அந்தக் கரையில் ஸ்கிம்மர் இருந்தால் மிதக்கும் தூசியும் இலையும் தாமாகவே அங்கு வந்து சேரும்.

தகட்டின் இரு முனைகளையும் இணைக்கும் போல்ட்டுகள் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. நாம் எடுத்துக்கொண்ட குளத்தில் நீர் அந்த ஒரு இணைப்பை ஏறத்தாழ 1,400 கிலோ விசையோடு பிரிக்கப் பார்க்கிறது. அதில் முக்கால் பங்கு சுவரின் கீழ்ப்பாதியில் விழுகிறது. எல்லாத் துளைகளிலும் போல்ட், எல்லாப் போல்ட்டிலும் வாஷர். உருண்டைத் தலை உள்ளே, நட்டு வெளியே. ஒன்றிரண்டு மிச்சமாகிக் கையில் நின்றால் எங்கோ ஒரு துளை காலியாக இருக்கிறது என்று பொருள். பிறகு உட்பக்கத்தில் போல்ட் தலைகள் மறையும்படி அகலமான துணி டேப்பை மூன்று அடுக்காக மேலிருந்து கீழ்வரை ஒட்டுங்கள். இந்த டேப் இல்லாமல் லைனர் போல்ட்டில் உரசி ஓட்டையான குளங்கள் ஏராளம்.

தகடு நின்றதும் மணல். கல்லும் கிளிஞ்சலும் இல்லாத, நன்றாகச் சலித்த மணல். தரை முழுக்க 4 செ.மீ. பரப்ப 0.66 கன மீட்டர் வேண்டும். சுவரோரத்தில் 15 செ.மீ. உயரமும் 15 செ.மீ. அகலமும் உள்ள சாய்வான மணல் வரப்பு ஒன்று சுற்றிலும் வர வேண்டும். அதற்கு இன்னொரு 0.16 கன மீட்டர். இந்த வரப்பை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், கட்டுரையிலும் இல்லை. சுவரும் தரையும் சேரும் மூலையில் லைனருக்குப் பின்னால் ஆதாரம் எதுவும் இல்லாவிட்டால், நீர் அதைத் தகட்டுக்கு அடியிலேயே தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். லைனர் அங்கே வெடித்தால் 18 டன் தண்ணீரும் சில நிமிடங்களில் தோட்டத்தில். மணலுக்குப் பதில் வார்த்த நுரை வரப்பும் கிடைக்கிறது. 4 அடித் துண்டுகளாக வாங்கினால் இந்தக் குளத்துக்கு 12 துண்டு போதும். எலி தோண்டாது, தண்ணீர் கரைக்காது.

லைனரை விரிக்க வெயிலும் நிழலும் அளவாக உள்ள நாள் வேண்டும். குளிர்ந்த லைனர் விறைத்துக்கொண்டு நிற்கும். உச்சி வெயிலில் அது மெழுகாய் இளகி, இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு, பிறகு சுருக்கமாய் விழும். காலை வேளையில், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்குங்கள். லைனரின் அடித்தையல் சுற்றிலும் மணல் வரப்பின் மேல் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும்; ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் லைனர் நடுவில் இல்லை. சுருக்கங்களை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். பிறகு தூசி உறிஞ்சும் எந்திரம் ஒன்றின் குழாயை ஸ்கிம்மர் துளை வழியாக லைனருக்குப் பின்னால் விட்டு, மற்றத் துளைகளையும் சந்துகளையும் டேப்பால் அடைத்து, காற்றை இழுத்துவிட்டால் லைனர் சுவரோடும் தரையோடும் தோல்போல் ஒட்டிக்கொள்ளும். அப்போது தெரியும் சுருக்கம்தான் நிரந்தரச் சுருக்கம். எந்திரத்தை நிறுத்திச் சரிசெய்து, மறுபடி ஓட்டுங்கள். அடியில் 15 செ.மீ. நீர் ஏறும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். 10 செ.மீ. நீர் ஏறிய பிறகு எந்தப் பலசாலியாலும் ஒரு சுருக்கத்தை நகர்த்த முடியாது.

மேல்விளிம்பில் மடித்து மாட்டும் வகை லைனரைப் பறைத்தோல்போல் இறுக்கமாகக் கட்டிவிடக் கூடாது. அடிமூலையில் அது மணல் வரப்பைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கினால் நீர் ஏற ஏற அங்கேதான் கிழியும். நீர் ஏறும்போது விளிம்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி மாட்டுங்கள். சுவரின் மேல் உள்ள தடத்தில் கோக்கும் மணிவிளிம்பு வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் அளவு பிசகினால் சரிக்கட்ட இடமும் இல்லை.

நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் குழாயில் 18,000 லிட்டர் நிரம்ப 20 மணி நேரம் ஆகும். லாரித் தண்ணீர் என்றால் வேகம் அதிகம். குழாய் முனையை நேராகத் தரையில் விட்டால் லைனருக்கு அடியில் உள்ள மணல் விலகிக் குழி விழும். ஒரு ரப்பர் விரிப்பின் மேல் விழும்படி விடுங்கள். இரவில் திறந்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். 15 செ.மீ.க்கு ஒருமுறை நிறுத்தி, சுவரைச் சுற்றி வந்து, தூண்கள் நேராக நிற்கின்றனவா, அடித்தடம் எங்காவது இறங்குகிறதா, விளிம்பு மட்டம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். 30 செ.மீ. நீரில் கண்ட பிழையைத் தண்ணீரை இறக்கித் திருத்திவிடலாம். நிரம்பிய பிறகு கண்டால் குளத்தையே கழற்ற வேண்டும்.

லைனரில் துளை வெட்டும் வேலையை முதலிலேயே முடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். கூடாது. நீரின் எடையில் லைனர் இறங்கி நீளும். முன்பே வெட்டிய துளை இடம் மாறிவிடும். நீர்மட்டம் திரும்புநீர்த் துளைக்கு (வடிகட்டிய நீர் குளத்துக்குத் திரும்பும் வழி) 5 செ.மீ. கீழே வந்ததும் நிறுத்தி அந்தத் துளையை முடியுங்கள். அதேபோல ஸ்கிம்மருக்குக் கீழே இன்னொரு முறை நிறுத்துங்கள். வரிசை முக்கியம்: ரப்பர் வாஷரை உரிய இடத்தில் வைத்து, முகப்புத் தட்டைப் பொருத்தி, எல்லாத் திருகுகளையும் லைனரைத் துளைத்து முறுக்கிய பிறகே, நடுவில் உள்ள லைனரைக் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கையால் முறுக்குங்கள். மின்துரப்பணம் பிளாஸ்டிக் மரையை ஒரு நொடியில் தின்றுவிடும். முழு நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்தில் நிற்கட்டும்.

பம்ப், ஃபில்டர் விஷயத்தில் பலரையும் பிடித்திருப்பது குதிரைத்திறன் மோகம். 18 கன மீட்டர் நீர் 6 மணி நேரத்தில் ஒரு சுற்று வர மணிக்கு 3 கன மீட்டர் போதும். 400 மி.மீ. விட்ட மணல் ஃபில்டருக்கு மணிக்கு 5 கன மீட்டர் ஓட்டம் சரியான அளவு. அதற்கு மேல் பெரிய பம்பை மாட்டினால் நீர் மணலைக் குடைந்து வழி செய்துகொண்டு, அழுக்கையும் சுமந்துகொண்டு குளத்துக்கே திரும்பும். கரண்டுச் செலவு கூடி, தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். ஃபில்டர் தொட்டியில் முதலில் பாதி தண்ணீர் ஊற்றி, நடுக்குழாயின் வாயை டேப்பால் மூடிவிட்டு, அப்புறம் மணல் போடுங்கள். வெறும் தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்தால் அடியிலுள்ள விரல் குழாய்கள் முறியும். பிறகு மணல் குளத்துக்குள் வந்து விழும்போதுதான் விஷயம் தெரியும். மணல் 0.45 முதல் 0.55 மி.மீ. வரையான சிலிக்கா மணலாக இருக்க வேண்டும். கட்டடத்துக்கு வந்த மணலில் மிச்சத்தைப் போட்டு ஒப்பேற்ற முடியாது.

முதல் ஓட்டத்தில் பின்கழுவல் (நீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது), பிறகு அலசல், அதன் பிறகே வடிகட்டல். வால்வின் கைப்பிடியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பம்பை நிறுத்தியிருக்க வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே உள்ள ரப்பர் வளையம் பிய்யும், பிறகு குளத்து நீர் கழிவுக்குழாய் வழியாகச் சொட்டிக்கொண்டே போகும். சுத்தமான மணலோடு அழுத்தமானி காட்டும் எண்ணைத் தொட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். அதிலிருந்து 0.5 முதல் 0.7 பார் வரை ஏறினால் பின்கழுவும் நேரம் வந்துவிட்டது. அழுத்தம் ஏறாமல் இறங்கினால் ஸ்கிம்மர் கூடையிலோ பம்ப் கூடையிலோ அடைப்பு, அல்லது பம்ப் மூடியின் ஓ-ரிங் வழியாகக் காற்று. திரும்புநீரில் குமிழ் குமிழாக வருகிறதா என்று பார்த்தால் காற்றுக் கசிவு பிடிபடும். பம்புக்கு இரு பக்கமும் யூனியனும் (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) வால்வும் வையுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் பம்பை வால்வு இல்லாமல் கழற்றினால் குளம் உங்கள் காலடியில் கொட்டும். ஒட்டிய பி.வி.சி. குழாயில் 24 மணி நேரம் கழித்தே அழுத்தம் கொடுங்கள்.

மின்சாரம் தாமே செய்யும் வேலையில் சேராது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: பம்புக்குத் தனி இணைப்பு, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம், சரியான எர்த். தகட்டுச் சுவர், உலோக ஏணி, பம்ப் உடல் மூன்றும் செம்புக் கம்பியால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பிளக் செருகும் இடம் குளத்தின் விளிம்பிலிருந்து 3.5 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நீட்டிப்புக் கம்பிப் பெட்டியைப் புல்தரையில் போட்டு பம்ப் ஓட்டுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். துண்டிக்கவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள்.

மண்ணுக்குள் இறக்கும் பலகைச் சுவர்த் தொகுப்புகளையும் கட்டுரை ஒரே மூச்சில் சேர்த்துப் பேசியிருந்தது. அது முற்றிலும் வேறு வேலை. பொக்லைன் வேண்டும், கான்கிரீட் வேண்டும், முக்கியமாக நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். திட்டமிட்ட ஆழத்துக்குக் கீழே இன்னும் அரை மீட்டர் சோதனைக் குழி தோண்டி, மழைக்காலத்தில் பாருங்கள். நீர் ஊறினால் வடிகால் இல்லாமல் தொடங்காதீர்கள், வெளிநீர் உள்நீரைவிட உயர்ந்தால் லைனர் தரையை விட்டு மிதந்து எழும். 6 மீட்டருக்கு 3 மீட்டர் செவ்வகம் என்றால் மூலைவிட்டம் இரண்டும் 6.71 மீட்டர் வர வேண்டும். சுவரைச் சுற்றி வேலை செய்ய 60 செ.மீ. கூடுதல் பள்ளம் வேண்டும். பலகைகள் மட்டத்தில் நின்றதும் அவற்றின் அடியில் வெளிப்புறமாக 20 செ.மீ. தடிமனுக்குச் சுற்றிலும் கான்கிரீட் பட்டை. அது இறுகும்வரை எதையும் தொடக் கூடாது. பிறகு உள்ளே நீரும் வெளியே நிரப்பும் ஜல்லியும் சம உயரத்தில் சேர்ந்தே ஏற வேண்டும். நீர் முந்தினால் சுவர் வெளியே தள்ளும், ஜல்லி முந்தினால் உள்ளே வளையும். களிமண்ணைத் திரும்பக் கொட்டாதீர்கள், நனைந்து உப்பும்போது நேர்ச்சுவரை வில்லாக்கிவிடும். குளத்தின் தரையில் நீரை உறிஞ்சும் அடிவடிகால் வைப்பதாக இருந்தால் ஒன்று போதாது. இரண்டாக, குறைந்தது 90 செ.மீ. இடைவெளியில், உடலோ முடியோ இழுபடாத வகை மூடியோடு வையுங்கள். நிரம்பிய பிறகு கழுவுவதற்காக இந்தக் குளத்தை முழுவதும் காலி செய்யவே கூடாது.

தண்ணீர் மருந்து பற்றிச் சுருக்கமாக. பி.எச். 7.2 முதல் 7.6 வரை, குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை, காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம். வரை. நம் 18 கன மீட்டர் குளத்தில் காரத்தன்மையை 10 பி.பி.எம். ஏற்ற 300 கிராம் சமையல் சோடா போதும். 12.5 சதவீதத் திரவக் குளோரின் 145 மி.லி. சேர்த்தால் 1 பி.பி.எம். ஏறும். வெயிலில் குளோரின் கரைந்து போகாமல் காக்கும் சயனூரிக் அமிலம் 30 பி.பி.எம். வர 540 கிராம். அதை ஒரு துணிப்பையில் கட்டித் திரும்புநீரின் முன்னால் தொங்கவிடுங்கள். குளோரின் தூளை லைனர் மேல் நேராகக் கொட்டினால் விழுந்த இடமெல்லாம் வெளுக்கும். வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் சேர்க்க வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும் ட்ரைகுளோர் மாத்திரையும் ஒரே டப்பாவில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே கரண்டியைக்கூடப் பயன்படுத்தாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் முதல் குளோரினிலேயே குளம் தேநீர் நிறமாகும். அதைப் பார்த்துப் பதறி மேலும் குளோரின் கொட்ட வேண்டாம். பம்பைத் தொடர்ந்து ஓட்டி வடிகட்டி, பின்கழுவி எடுத்தால் தெளியும்.

கட்டுரையின் படத்தில் குளத்தைச் சுற்றி வேலியே இல்லை. உலக அளவில் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது; அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். வேலி 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி ஆகாது. கதவு வெளிப்பக்கம் திறந்து, தானே மூடி, தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் சிறு குழந்தைக்கு எட்டாது. குளத்தின் சுவரே 1.2 மீட்டர் இருக்கிறதே என்று சொல்பவர்கள் பம்பையும் ஃபில்டரையும் சுவரோரமாக வைத்துவிடுகிறார்கள். குழந்தைக்கு அதுவே படிக்கட்டு. அவற்றைச் சுவரிலிருந்து 1.2 மீட்டராவது தள்ளி வையுங்கள். ஏணியை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பூட்டி வையுங்கள். ஆழம் 1.1 மீட்டர்தான், தலைகீழாகப் பாய்வதற்கு இது குளமில்லை.

சரியாகத் திட்டமிட்டால் மேல்தரைத் தொகுப்பை மூன்று பேர் சேர்ந்து தாங்களே பொருத்திவிட முடியும் என்பதில் கட்டுரையோடு எங்களுக்கு மாறுபாடு இல்லை. ஒரே நாளில் முடியாது. தரைக்கு இரண்டு நாள், சுவருக்கும் லைனருக்கும் ஒரு நாள், நிரப்ப ஒரு நாள் என்று வைத்துக்கொள்வது நியாயம். தங்களிடம் கேட்பது ஒன்றே: பள்ளத்தில் மணல் கொட்டலாம் என்ற வரிக்கு மட்டுமாவது, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு விடுமுறைக்குக் காத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
குளம் பொருத்தும் தொழிலில் உள்ள வாசகர்கள் இருவர்